கூடித் தையுங்கள், கூடி வைத்தியம் பார்க்காதீர்கள்

ஆடி பிறந்தால் என் கிளினிக்கில் ஒரு தனிக் கூட்டம் சேரும். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. எல்லாருக்கும் கையில்தான் தொந்தரவு. வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குக் கல்யாணப் பிளவுஸில் ஆரி வேலை செய்து கொடுத்த பெண்கள் இவர்கள். ஆடியில் முகூர்த்தமும் கிடையாது, ஆர்டரும் கிடையாது. அதனால்தான் டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. "எப்பம்மா மரத்துப்போக ஆரம்பிச்சது?" என்று கேட்டால், "தை மாசத்துல இருந்தே இருக்குதுங்க டாக்டரம்மா" என்று சிரித்துக்கொண்டே பதில் வரும். தையிலிருந்து ஆடிக்கு ஆறு மாதம். உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகியிருக்கும். அந்த நிலையில் என்னால் செய்ய முடிவது மிகவும் குறைவு.

வருமானத்துக்காகத் தைப்பவர்கள் மட்டும் இப்படி வருவதில்லை. குரோஷா பின்னும் ஓய்வுபெற்ற டீச்சர், மிச்சத் துணியில் பை தைக்கும் அபார்ட்மென்ட் தோழிகள், யூடியூப் பார்த்து எம்பிராய்டரி கற்றுக்கொண்டு மதியம் ஒரு வீட்டில் கூடும் நாலைந்து பேர் என்று இந்தப் பக்கமும் கூட்டம் பெருகியிருக்கிறது. கொரோனா முடக்கத்தின்போது வீட்டிலிருந்தே ஆரி கற்றுக்கொண்டவர்கள் பலர் இன்று அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கையைக் கெடுத்துக்கொண்டு வருவதில்தான் மகிழ்ச்சி இல்லை.

கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கட்டுரையைக் காட்டி, "பாத்தியா, டாக்டரே தைக்க வேண்டாம்னு எழுதியிருக்காங்க" என்று வீட்டு ஆண்கள் ஊசியைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். நான் அப்படி எழுதவில்லை.

கணவர் இறந்த பிறகு சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல் மாத்திரை கேட்டு வந்தவர்கள், பக்கத்து வீட்டுத் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து பின்னத் தொடங்கியதும் தேறியதைப் பார்த்திருக்கிறேன். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனம் கொஞ்சம் இறங்கி உட்காருகிறது. கண் துணிமேல் இருப்பதால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே மனக்குறையைச் சொல்லிவிடலாம். மருமகள் பிரச்சினை முதல் மாதவிலக்குப் பிரச்சினை வரை அங்கே பேசப்படுவது என் அறையில் பேசப்படுவதில்லை.

வெளிநாட்டில் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2013-இல் பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் வந்த ஆய்வுக்காக, பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகச் சொன்னார்கள். குழுவாகப் பின்னுகிறவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 70 வயது தாண்டியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கைவேலை செய்கிறவர்களுக்கு நினைவாற்றல் குறைபாட்டின் தொடக்க நிலை வரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவாக இருந்தது. முதல் ஆய்வு, பின்னுகிறவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது. இரண்டாவதிலும், தைத்ததால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் தைக்க முடிந்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. "குரோஷா போட்டால் மறதி நோய் வராது" என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

ஆக, கூட்டம் நல்லது. அந்தக் கூட்டத்தில் நடக்கும் வைத்தியம்தான் என் பிரச்சினை.

இரவில் எழுப்பும் மரப்பு

இந்தக் கை மரப்புக்குக் கார்பல் டனல் சின்ட்ரோம் என்று பெயர். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு வருவது. பெயர் மறந்தாலும் பரவாயில்லை, அறிகுறி மறக்கக் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும் அல்லது சுருக் சுருக்கென்று குத்தும். சுண்டுவிரல் தப்பித்துவிடும். பகலைவிட இரவில் அதிகம். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவீர்கள், உதறினால் சற்றுத் தேவலாம் போலிருக்கும். அப்படி உதறுகிற அந்த வாரமே நீங்கள் வர வேண்டும்.

அடுத்த கட்டத்தில் பாசிமணி நழுவும், ஊசி நழுவும், டீ டம்ளர் நழுவும். அதற்கும் அடுத்தது, நான் முதலில் சொன்ன சதை வற்றல். இந்தக் கடைசிக் கட்டத்தில் சிலர், "இப்ப குத்தறதெல்லாம் நின்னுபோச்சுங்க, சரியாயிருச்சுன்னு நெனச்சேன்" என்பார்கள். சரியாகவில்லை அம்மா. குத்துகிறது என்று சொல்லக்கூட நரம்புக்குத் தெம்பில்லாமல் போய்விட்டது.

எல்லாப் பழியையும் ஊசிமேல் போடவும் முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன் இருப்பவர்களுக்கு இது எளிதில் வரும். கர்ப்பிணிகளுக்கு வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகப் போய்விடும். ஒரே குழுவில் ஒரே அளவு வேலை செய்யும் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் கை மரத்தால், அவருக்குச் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். இப்படிக் கைவழியாகச் சர்க்கரை நோய் தெரியவருவது எங்களுக்குப் புதிதல்ல.

சுண்டுவிரல் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையை ஆரி ஸ்டாண்டின் மரச்சட்டத்தில் ஊன்றியே வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள். விரல் மடங்கி மாட்டிக்கொண்டு டக்கென்று நிமிர்ந்தால் அது டிரிகர் ஃபிங்கர். கத்தரிக்கோல் அதிகம் பிடிப்பவர்களிடம் காண்கிறேன். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி, பாத்திரம் தூக்கினால் உயிர் போகிறது என்றால் அது தசைநார் உறையின் வீக்கம். 1895-இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வைனின் பெயரே இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாள் முழுக்கக் கைக்குழந்தையைத் தூக்கும் இளம் தாய்மார்களுக்கும் இது வரும்.

திடீரென்று ஒரு கை முழுதும் வலுவிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் இல்லை. 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோழிகள் சொல்லும் வைத்தியம்

ஒரு குழுவில் ஒருத்திக்குக் கை மரத்தால் மற்ற நால்வரும் மருத்துவர் ஆகிவிடுகிறார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் அந்த அன்பு ஆறு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

முதலில் வருவது, "அது நரம்புத் தளர்ச்சிதான், நரம்பு ஊசி பத்துப் போட்டுக்க" என்பது. நரம்பு ஊசி என்று இவர்கள் சொல்வது பி-12 முதலான வைட்டமின் ஊசி. உடலில் பி-12 குறைவாக இருந்தால் அது மருந்து. மணிக்கட்டில் நெருக்குண்டிருக்கும் நரம்புக்கு அது ஒன்றும் செய்யாது. நிலைவாசலில் மாட்டிய விரலை எடுக்காமல் சத்துணவு ஊட்டுவது போலத்தான். இதைவிட மோசம், பி-6 அதிகமுள்ள மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது. அளவு மீறி நீண்டநாள் எடுத்தால் பி-6 வைட்டமினே நரம்பைக் கெடுத்து, கைகாலை மரக்கச் செய்யும். எந்தத் தொந்தரவுக்காகச் சாப்பிட ஆரம்பித்தீர்களோ அதே தொந்தரவை மாத்திரையும் கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டாவது, மெடிக்கல் ஷாப்பில் "கைவலிக்கு ஒரு செட்டு குடுங்க". இந்தச் செட்டு மாத்திரையைப் பற்றி எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. சீட்டு இல்லை, அட்டை இல்லை, வெட்டிப் போட்ட நாலு மாத்திரை ஒரு காகிதப் பொட்டலத்தில். உள்ளே டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி இருக்கும். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். அதனால்தான் இரண்டே நாளில் "அடடா, என்ன சுகம்" என்று தோன்றுகிறது. அந்தச் சுகத்தில் இன்னும் நாலு பிளவுஸ் முடிப்பீர்கள். சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றில் புண் வரும், ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் மேலும் கெடும். கைக்காக வந்தவரை நான் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பியதும் உண்டு. உங்கள் தோழிக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிளவுஸ் அளவே இரண்டு பேருக்கு ஒன்றாக இருப்பதில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, சுளுக்கு எடுப்பது. லேசாக எண்ணெய் தடவிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தோள்பட்டைக்கு இதமாகவும் இருக்கும். மணிக்கட்டை அழுத்தி நீவுவதும், மாட்டிக்கொண்ட விரலைப் பிடித்துச் சொடக்கு இழுப்பதும் வேறு. வீங்கிய இடத்தை மேலும் வீங்கச் செய்வதுதான் அது. செப்புக் காப்பு, காந்த வளையல் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நகை என்ற அளவில் அழகாகவே இருக்கிறது.

நான்காவது எங்கள் ஊர்ப் பக்கம் அசைக்க முடியாத நம்பிக்கை. வேலை முடிந்த சூட்டோடு தண்ணீரில் கை வைத்தால் நரம்பு இழுத்துக்கொள்ளுமாம். அதனால் மணிக்கணக்காகக் கை கழுவுவதில்லை. கல் ஒட்டுகிற பசை, துணிச்சாயம், ஜரிகைத் தூள் எல்லாவற்றோடும் முறுக்கையும் பிய்த்துத் தின்கிறார்கள். தண்ணீர் பட்டு எந்த நரம்பும் இழுத்துக்கொள்ளாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, "ஆபரேஷன்னு சொல்லுவாங்க, போகாதே. என் நாத்தனாருக்குப் பண்ணி கை வெளங்காம போச்சு." இந்த நாத்தனாரை நான் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். வருகிற எல்லாருக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. சீக்கிரம் வந்தால் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையும், வேலை முறையில் சில மாற்றங்களும் பலருக்குப் போதும். தேவைப்பட்டால் மணிக்கட்டில் ஓர் ஊசி. அதிலும் அடங்காதவர்களுக்கும் நரம்பு பழுதாகத் தொடங்கியவர்களுக்கும்தான் அறுவை சிகிச்சை. அதுவும் கையை மட்டும் மரக்கச் செய்து, அரை மணிக்குள் முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்புகிற சிறிய சிகிச்சை. கை விளங்காமல் போனது என்று சொல்லப்படுகிறவர்களை விசாரித்தால், சதை வற்றிய பிறகு வந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். நெருக்கத்தை எடுத்துவிடலாம். போன சதையைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

பரிசோதனை என்றால் கையைத் தொட்டுப் பார்ப்பது, ரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும், தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை. அவ்வளவே.

ஊசி ஏறினால்

ஆரி ஊசியின் முனை கொக்கி. குத்தி உள்ளே போனால் வந்த வழியே இழுக்க முடியாது, இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். தோழி பலத்தையெல்லாம் கூட்டி இழுத்து, கிழிந்த விரலோடு வந்த கதைகள் ஏராளம். ஆழமாக ஏறியிருந்தால் துணியோடு சேர்த்து வெட்டி, ஊசியை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். தையல் மெஷின் ஊசி விரலில் ஏறி ஒடிந்தால், மிச்சத் துண்டையும் கையோடு எடுத்து வாருங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் துண்டோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம்.

குத்தின இடத்தில் சுண்ணாம்பு, காபித்தூள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். துருப்பிடித்த ஊசிதான் டெட்டனஸ் தரும் என்பதும் தவறு. அந்தக் கிருமி துருவில் பிறப்பதல்ல, மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் இருப்பது. நேற்று வாங்கிய பளபளப்பான ஊசியும் தரையில் விழுந்து எழுந்தால் அதைச் சுமக்கும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை டிடி ஊசி போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாகப் பிரசவத்தின்போது போட்டது, மகனுக்கு இப்போது கல்யாண வயது என்பதுதான் பெரும்பாலும் பதில்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழம் குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. உள்ளே கட்டியிருக்கும் சீழை அது வெளியே எடுக்காது. விரல் நுனி துடிதுடித்து இரவில் தூங்க விடவில்லை என்றால் அன்றே வர வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பழத்தோடு கழித்த நாலு நாளில் சீழ் எலும்புவரை இறங்கியிருக்கும். ஒருவர் கையில் குத்தி ரத்தம் பட்ட ஊசியை அடுத்தவர் எடுத்துத் தைப்பதும் வேண்டாம். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் உயிரோடு இருக்கக்கூடியது.

நூல் கோத்துக் கொடுக்கும் பெண்

ஒவ்வொரு குழுவிலும் ஓர் இளம்பெண் இருப்பாள். எல்லாருக்கும் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவள் வேலை. நட்பின் அழகான காட்சி. ஆனால் அருகுப் பார்வை மங்கியதை மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உணராமல் இருப்பதற்கு அவள்தான் காரணம். 40 வயதை ஒட்டி அருகில் உள்ளது மங்குவது எல்லாருக்கும் நடப்பது. "கண்ணாடி போட்டா பவர் ஏறிட்டே போகும்" என்பது பொய். வயதானால் பவர் ஏறும்; கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். போடாதவர்கள் துணியை நோக்கிக் குனிகிறார்கள், குனிந்து குனிந்து கழுத்துவலியோடு என்னிடம் வருகிறார்கள். நான் கழுத்துக்குப் படம் எடுக்காமல் கண் மருத்துவரிடம் அனுப்பினால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அசாமில் 40 வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்குக் அருகுப் பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்துக்கே அப்படியென்றால் ஊசிக்கு எவ்வளவு? நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூ வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் துணியின்மேல் கோலம் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணியே தைக்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையை மங்கிய கண்ணோடு செய்வதை நினைத்துப் பாருங்கள். பிளாட்பாரக் கண்ணாடி அவசரத்துக்கு உதவலாம், ஆனால் அது கண்புரையையும் கண்ணழுத்த நோயையும் கண்டுபிடித்துச் சொல்லாது. கண்ணாடி பவர் வாரத்துக்கு வாரம் மாறுவது போலிருந்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வையுங்கள். தனியாகத் தைப்பவருக்கு இது நினைவிருக்காது. நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் போனில் அலாரம் வைத்தால் போதுமே! எழுந்து தண்ணீர் குடியுங்கள், தோளை உருட்டுங்கள், ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

தரையில் சம்மணமிட்டு, முகவாய் நெஞ்சில் படக் குனிந்து செய்யாதீர்கள். ஆரி ஸ்டாண்டை உயர்த்தி, முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருக்கட்டும். குரோஷா ஊசி மெலிதாக இருந்தால் கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது. கைத்தையலுக்கு விரலில் அங்குஸ்தான் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டுப் பட்டையை இரவில் கட்டுங்கள், பகலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அதோடு தைக்காதீர்கள். ஒருவரே நாள் முழுக்க மணி கோக்காமல், ஒருவர் டிரேஸ் எடுக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் கோக்க என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குழுவாக இருப்பதன் பெரிய லாபமே அதுதான்.

முகூர்த்த நேரத்தில் ஆர்டரைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது ஓய்வைப் பற்றி டாக்டர் சொல்வது எளிது. அதனால் தோழிகளிடம்தான் கேட்கிறேன். உங்களில் ஒருத்தி கையை உதறத் தொடங்கினால் வைத்தியம் சொல்லாதீர்கள். அவள் வேலையில் பாதியை இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கூடவே வாருங்கள். தனியாக வருகிறவர்கள் நான் சொல்வதில் பாதியைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, என்னிடம் வந்தாலும் சரி.

இன்னும் ஒன்று. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு அளவு எடுக்கும் பழக்கம். கூட்டத்தில் யாராவது ஒரு வேடிக்கை சொல்வார்கள், சிரிப்பு வரும், மூச்சை உள்ளே இழுப்பீர்கள், ஊசி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிறகு குழாய் விட்டு எடுக்க வேண்டும். பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி நடுவில் வைத்து, ஊசியை அதில் குத்துங்கள். வாயில் வைத்துக்கொண்டு பேசும் தோழியைப் பார்த்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அவள் முறைத்தாலும் பரவாயில்லை.